மலைமேல் இருக்கும் கணினி தானாக எழுந்து நிற்க வேண்டும்

வீடும் வியாபாரமும் போடிநாயக்கனூரில், ஏலத்தோட்டம் பூப்பாறை அல்லது சாந்தன்பாறைப் பக்கம். இப்படி வாழும் குடும்பங்கள் எங்கள் பகுதியில் ஏராளம். இடையில் போடிமெட்டு மலைச்சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகள். கம்பத்துக்காரர்களுக்குக் கம்பமெட்டும் குமுளியும் அதே கதைதான். இப்போது பல தோட்டங்களில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலேயே ஒரு கணினி வந்துவிட்டது. உலர் அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்கிறது, கேமராக்களின் காட்சியைச் சேமிக்கிறது, சில இடங்களில் மழைமானியையும் படிக்கிறது. கீழே இருப்பவர் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார்.

மேலே மின்சாரம் போய் வந்த பிறகு அந்தக் கணினி பதில் சொல்லாமல் நின்றுவிட்டால்தான் சிக்கல். ஜீப்பில் ஏறிப் போக வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தால் அதுவும் முடியாது. ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஏறக்குறைய ஒரு கிலோவாகிறது. அந்த ஒரு கிலோவின் பச்சை நிறம் எவ்வளவு காப்பாற்றப்பட்டது என்பதைப் பொறுத்தே போடியிலோ புற்றடியிலோ ஏலத்தில் விலை நிற்கிறது. அதனால் உலர் அறையின் ஒரு இரவுப் பதிவு விட்டுப்போவது சின்ன விஷயம் இல்லை.

வீட்டு மேசையில் இருக்கும் கணினிக்கும் மலைமேல் இருக்கும் கணினிக்கும் உள்ள வேறுபாடு, பக்கத்தில் விவரம் தெரிந்த ஒரு ஆள் இல்லை என்பதுதான். மின்சாரம் போகவே கூடாது, டிஸ்க் கெடவே கூடாது என்று திட்டமிடுவது வீண். இரண்டும் நடக்கும். நடந்த பின், யாரும் போய் ஒரு பட்டனைக்கூட அழுத்தாமல் கணினி தன் வேலைக்குத் திரும்புமா? வாங்குகிற ஒவ்வொரு பொருளையும் மாற்றுகிற ஒவ்வொரு அமைப்பையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறது.

மின்சாரம் போகும்போது உள்ளே நடப்பது

இடுக்கி மலைகளில் மின்சாரம் இரண்டு விதமாகப் போகும். ஏப்ரல், மே மாதக் கோடை மழையும் அக்டோபர், நவம்பர் துலாமழையும் இடி மின்னலோடு வருபவை. அப்போது மின்சாரம் சில நொடிகள் போகும், வரும், மறுபடி போகும். ஜூன் முதல் ஆகஸ்டு வரையான சாரல் காலத்தில் இடி குறைவு, காற்று அதிகம். மரம் கம்பிமேல் விழுந்தால் பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கில் மின்சாரம் இருக்காது. கணினிக்கு இவ்விரண்டும் வெவ்வேறு ஆபத்துகள். நீண்ட மின்தடையைவிட, போய்ப் போய் வருவதுதான் கணினியை அதிகம் வதைக்கும்.

ஏன் என்று புரிய, கோப்பு எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும். நிரல் ஒன்று ஒரு வரியை எழுதியதும் அது உடனே டிஸ்க்குக்குப் போய்விடுவதில்லை. முதலில் ரேம் நினைவகத்தில் நிற்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் வழக்கமான அமைப்பில் ஏறக்குறைய அரை நிமிடம்வரைகூட அங்கே காத்திருக்கலாம். டிஸ்க்கும் தனக்கென்று ஒரு சிறிய தற்காலிக நினைவகம் வைத்திருக்கிறது. மின்சாரம் பட்டென்று போனால் இந்த இரண்டு இடங்களிலும் இருந்தவை மறைந்துவிடும். அதைவிட மோசம், பாதி எழுதிய நிலை: கோப்பின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது, உள்ளடக்கம் ஏறவில்லை.

இதற்கான தீர்வை நம் ஊர்க் கமிஷன் கடைகளில் கணக்கு எழுதுபவர்கள் வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள். வரவு செலவை முதலில் சிட்டையில் குறித்துவிட்டு, பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ஏற்றும்போது எழுந்து போக நேர்ந்தாலும் சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லினக்ஸின் எக்ஸ்ட்4, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடுகள்) இப்படித்தான் செயல்படுகின்றன. செய்யப்போவதை முதலில் ஒரு தனிப் பகுதியில் எழுதிவைத்து, பிறகு உரிய இடத்தில் எழுதுகின்றன. மின்சாரம் திரும்பியதும் அந்தக் குறிப்பைப் படித்துப் பாதியில் நின்றதை ஒழுங்குபடுத்துகின்றன. ஆனால் இவை பொதுவாகக் காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பை மட்டுமே. கடைசி நொடிகளில் ரேமில் நின்றிருந்த உங்கள் வெப்பநிலை எண்கள் போனால் போனவைதான். அதனால்தான் கணினிக்குத் தன்னை ஒழுங்காக மூடிக்கொள்ளச் சில நிமிடங்கள் வேண்டும். பேட்டரியோடு கூடிய யூபிஎஸ் தருவது அந்தச் சில நிமிடங்கள்.

யூபிஎஸ் கணக்கு

சிறிய யூபிஎஸ் ஒன்றில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-மணி. 30 வாட் எடுக்கும் ஒரு மினி கணினியும் ரவுட்டரும் இதில் ஓடினால், காகிதக் கணக்கில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மின்னழுத்தத்தை மாற்றுவதில் வீணாவது, பேட்டரிக்கு ஏறிய வயது எல்லாம் கழித்து அதில் பாதியைத்தான் நம்ப வேண்டும். அதே யூபிஎஸ்ஸில் 150 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப்பை மாட்டினால், காகிதத்திலேயே அரை மணி நேரம்தான். நடப்பில் அதில் பாதி கிடைத்தால் நல்லது. எனவே பெரிய யூபிஎஸ் வாங்குவதற்கு முன் சிறிய கணினி வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. போடும் பணத்துக்கு அதில்தான் பலன் அதிகம்.

ஸ்டோரில் யூபிஎஸ்ஸை வைக்கும் இடமும் முக்கியம். காய் உலரும் அறை 50 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஈய அமில பேட்டரிக்கு வெப்பம்தான் எமன். சுமார் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொது விதி. மூன்று முதல் ஐந்து ஆண்டு வரவேண்டியது, உலர் அறையின் சுவரை ஒட்டி வைத்தால் அவ்வளவு வராது. அதனால் அலுவலக அறையில், தரையிலிருந்து உயர்த்தி, ஈரம் படாமல் வையுங்கள்.

எழுந்திருக்க மறுக்கும் கணினி

பலரும் யூபிஎஸ்ஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது போதாது. யூபிஎஸ்ஸிலிருந்து கணினிக்கு ஒரு யுஎஸ்பி கேபிள் போகவில்லையென்றால், கணினிக்கு எதுவும் தெரியாது. பேட்டரி தீரும்வரை ஓடிவிட்டு, அதே பழைய பட்டென்ற அணைப்பைத்தான் அனுபவிக்கும். மின்வெட்டைத் தள்ளிப்போட்டோம், அவ்வளவே. கேபிளை மாட்டி, நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் போன்ற இலவச நிரலை நிறுவினால், பேட்டரி குறைந்துவிட்டது என்ற செய்தியைப் பெற்றதும் கணினி தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும். கேபிள் இணைப்பு இல்லாத யூபிஎஸ்ஸை மலைக்கு வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

மூடுவது எளிது. திறப்பதுதான் கடினம். மின்சாரம் திரும்பியதும் கணினி என்ன செய்ய வேண்டும் என்று பயாஸில், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே ஓடிக் கணினியை எழுப்பும் நிரலில், ஒரு அமைப்பு இருக்கும். ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ் என்றோ அதுபோன்ற வேறு பெயரிலோ காணப்படும். பெரும்பாலான போர்டுகளில் மூன்று தேர்வுகள் உண்டு: அணைந்தே இரு, எழுந்து ஓடு, கடைசியாக இருந்த நிலைக்குத் திரும்பு. மூன்றாவது புத்திசாலித்தனமாகத் தோன்றும், ஆனால் நமக்குக் கூடாதது அதுதான். யூபிஎஸ் சொல்லிக் கணினி ஒழுங்காக மூடியிருந்தால், கடைசி நிலை ‘அணைந்தது’. மின்சாரம் வந்ததும் அது அணைந்தே இருக்கும். ‘எழுந்து ஓடு’ என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

அதற்குப் பிறகும் ஒரு பொறி மிச்சமிருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பேட்டரி குறைந்தது, கணினி மூடிக்கொண்டது. இரண்டு நிமிடத்தில் மின்சாரம் திரும்பிவிட்டது. யூபிஎஸ்ஸில் இன்னும் சிறிது மின்சாரம் மிச்சமிருந்ததால் அது அணையவே இல்லை. அப்படியானால் கணினியின் பார்வையில் மின்சாரம் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. எதைக் கண்டு அது எழும்? ஸ்டோரில் விளக்கெல்லாம் எரியும், யூபிஎஸ்ஸும் ஓடும், கணினி மட்டும் அணைந்து கிடக்கும். கீழே இருந்து பார்ப்பவருக்கு மின்சாரம் இன்னும் வரவில்லை என்றே தோன்றும்.

இதைத் தவிர்க்கும் வழி: கணினி மூடும் கடைசி வேலையாக, ‘இன்னும் சில நொடியில் உன் வெளியீட்டையே துண்டித்துவிடு, வெளி மின்சாரம் இருக்கும்போது மறுபடி கொடு’ என்று யூபிஎஸ்ஸுக்குக் கட்டளை அனுப்ப வேண்டும். வெளி மின்சாரம் ஏற்கெனவே வந்திருந்தாலும் யூபிஎஸ் ஒருமுறை துண்டித்துவிட்டுத்தான் திரும்பக் கொடுக்கும். நான் மேலே சொன்ன நிரலில் இந்த வசதி உண்டு. ஆனால் யூபிஎஸ்ஸும் அந்தக் கட்டளையை ஏற்க வேண்டும், மலிவான சில வகைகள் ஏற்பதில்லை. சில நல்ல யூபிஎஸ்களில், பேட்டரி குறிப்பிட்ட அளவு ஏறிய பிறகே மின்சாரம் கொடு என்றும் சொல்லிவைக்கலாம். இடி மழையில் மின்சாரம் போய்ப் போய் வரும்போது, பாதி எழுந்த கணினி மறுபடி விழாமல் இருக்க இது பெரிய உதவி.

உங்கள் யூபிஎஸ்ஸில் இந்த வசதிகள் இல்லையென்றால் ஒரு மாற்று உண்டு. பல பயாஸ்களில், தினமும் குறித்த நேரத்தில் தானாக எழு என்று அமைக்க முடியும். காலை ஆறு மணிக்கு வைத்துவிட்டால், எந்தக் காரணத்தால் அணைந்து கிடந்தாலும் மறுநாள் காலையிலாவது கணினி எழும். செலவே இல்லாத காப்பீடு. மற்ற வசதிகள் இருந்தாலும் இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் சொல்ல ஆள் இல்லாத கேள்விகள்

எழத் தொடங்கிய கணினி நடுவழியில் கேள்வி கேட்டு நிற்பதும் உண்டு. விசைப்பலகை மாட்டப்படவில்லை, தொடர எஃப்1 அழுத்தவும் என்று சில பயாஸ்கள் காத்திருக்கும். விசைப்பலகையே இல்லாத இடத்தில் அந்த விசையைக் கேட்டு நாள் கணக்கில் நிற்கும். பிழை இருந்தாலும் நிற்காதே என்ற அமைப்பைத் தேடி மாற்றுங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அது தீர்ந்த பின் மின்சாரம் முழுதாகப் போய் வந்தால், பல கணினிகளில் பயாஸில் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த அமைப்புகள் எல்லாம் அழிந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். பழைய கணினியை மலைக்கு அனுப்புவதாக இருந்தால், அந்தப் பேட்டரியை முதலில் புதிதாக மாற்றிவிடுங்கள். சில பத்து ரூபாய்க்குள் முடிகிற வேலை.

லினக்ஸ் கணினியில் கேமரா காட்சிக்கென்று தனி டிஸ்க் மாட்டியிருப்போம். அந்த டிஸ்க் கெட்டுப்போனால், கணினி எழும்போது வழக்கமாக ஒன்றரை நிமிடம் அதற்காகக் காத்திருந்து, கிடைக்காவிட்டால் அவசர நிலைக்குப் போய்க் கடவுச்சொல் கேட்டு நிற்கும். வெப்பநிலைப் பதிவுக்கு அந்த டிஸ்க் தேவையே இல்லை, ஆனாலும் எல்லாமே நிற்கும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வரியில் ‘நோஃபெயில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. அதுபோலவே, எழும்போது டிஸ்க்கில் பிழை தென்பட்டால் கேட்காமல் சரிசெய்துவிடு என்றும் முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிட வேண்டும்.

பதிவு செய்யும் நிரல் தானாகத் தொடங்குகிறதா என்பதை மறக்கவே கூடாது. நிறுவிய அன்று ஒருவர் கையால் தொடங்கிவைத்த நிரல், அடுத்த மின்வெட்டு வரைக்கும்தான் ஓடும். கணினி ஓடிக்கொண்டே உறைந்துபோகும் நிலைக்கு வாட்ச்டாக் என்ற சிறு கடிகாரம் பல கணினிகளில் உள்ளேயே இருக்கிறது. இயங்குதளம் அதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுவது நின்றால் அது கணினியை மறுபடி தொடங்கவைத்துவிடும். ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினியிலும் இது உண்டு. ராஸ்பெரி பை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சொல்: நான்காம் பதிப்பு வரைக்கும் அதில் சொந்தக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் வந்து இணையம் கிடைக்காமல் இருக்கும் நேரத்தில், வெப்பநிலைப் பதிவில் தவறான மணி விழும். தனிக் கடிகாரப் பகுதி ஒன்றை வாங்கிப் பொருத்துவது நல்லது. மெமரி கார்டிலேயே ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும்படி விடாமல், சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றை மாட்டுங்கள்.

டிஸ்க் கெடும், சொல்லாமலும் கெடும்

டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையைத் தாமே குறித்துக்கொள்கின்றன. ஸ்மார்ட் என்று அந்த வசதிக்குப் பெயர். அதில் எண் 5 என்ற வரி, கெட்டுப்போனதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட பகுதிகளின் கணக்கு. 197 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருப்பவை. இவை பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கினால் டிஸ்க்கை மாற்றத் தயாராகுங்கள். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் குற்றவாளி இல்லை, கேபிள்தான். இவற்றைத் தினமும் பார்த்து உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் இலவச நிரல்கள் உண்டு.

ஆனால் இந்த எச்சரிக்கையை மட்டுமே நம்பக் கூடாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்துக் கூகுள் பொறியாளர்கள் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கெட்டுப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, மிக முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களில் ஒன்றில்கூட அடையாளம் காட்டாமலே போய்ச் சேர்ந்திருந்தன. எண் ஏறினால் ஆபத்து என்பது உண்மை. ஏறாவிட்டால் ஆபத்து இல்லை என்பது உண்மையில்லை.

அதனால் இரண்டு டிஸ்க்குகள் வேண்டும். ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும், ஒன்று செத்தாலும் மற்றது வேலையைத் தொடரும். இது ரெய்டு 1. இந்த ரெய்டு முறைகளை வகைப்படுத்திப் பெயர் சூட்டியவர்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும். அவர்கள் கட்டுரை 1988-இல் வந்தது. தூரத்தில் இருக்கும் கணினிக்கு ரெய்டு 1 போதும், அதைவிடச் சிக்கலானது வேண்டாம் என்பேன். எஞ்சிய ஒற்றை டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டிப் படிக்கும் எளிமை மற்ற வகைகளில் இல்லை.

ரெய்டு 1-இலும் மலைக்கென்றே சில கவனங்கள் உண்டு. முதலாவது, கணினியை எழுப்பும் தொடக்க நிரல் இரண்டு டிஸ்க்குகளிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். பல சமயம் முதல் டிஸ்க்கில் மட்டுமே இருக்கும். அந்த டிஸ்க் செத்த பின்னும் கணினி ஓடிக்கொண்டே இருக்கும், குறை தெரியாது. அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு எழ முடியாமல் நிற்கும்போதுதான் தெரியும். தரவு முழுவதும் இரண்டாவது டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், எழுப்பத்தான் வழியிருக்காது. அடுத்தது, ஒரு டிஸ்க் போய்விட்டது என்ற செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தாக வேண்டும். ரெய்டு இருக்கிற தைரியத்தில் யாரும் பார்க்காமல், ஒற்றை டிஸ்க்கில் மாதக் கணக்கில் ஓடி, அதுவும் போன பிறகு அழுதவர்கள் உண்டு. இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்காதீர்கள். ஒரே தொகுதியில் தயாரானவை ஒரே குறையோடு ஏறக்குறைய ஒரே காலத்தில் கெட வாய்ப்பு அதிகம்.

ரெய்டு என்பது நகல் சேமிப்பு ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். மின்னல் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். வெப்பநிலை, மழைப் பதிவெல்லாம் அளவில் மிகச் சிறியவை. அவற்றைத் தினமும் இரவில் போடியில் இருக்கும் ஒரு கணினிக்கு அனுப்பிவிடுங்கள். கேமரா காட்சி முழுவதையும் அனுப்ப மலை இணையம் இடம் கொடுக்காது, அதில் வேண்டியதை மட்டும் தேர்ந்துகொள்ளலாம்.

இணையமும் மின்னலும்

ரவுட்டரும் இணையப் பெட்டியும் அதே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். நீண்ட மின்தடையில் கைப்பேசிக் கோபுரமே பேட்டரி தீர்ந்து அணைந்துவிடும். அதற்கு நம்மிடம் மருந்தில்லை. அதனால் இணையம் இல்லாதபோதும் பதிவைத் தன்னிடமே சேர்த்துவைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும் நிரலாகத் தேர்ந்தெடுங்கள். மின்னலின் அதிர்வு மின்கம்பியில் மட்டும் வருவதில்லை. தோட்டத்துக் கேமராவிலிருந்து வரும் செம்புக் கேபிள் வழியாகவும் வரும். ஸ்டோருக்கு வெளியே ஓடும் நீளமான இணைப்புகளை மின்சாரம் கடத்தாத ஃபைபராக (ஒளியிழைக் கேபிளாக) மாற்றிக்கொண்டால் அந்த வாசல் அடைபடும். நல்ல எர்த் இல்லாத கட்டடத்தில் சர்ஜ் பாதுகாப்புக் கருவி (திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தடுப்பது) எதுவும் தன் வேலையைச் செய்ய முடியாது. முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கணினி செத்ததை எப்படி அறிவது? செத்த கணினி ‘செத்துவிட்டேன்’ என்று செய்தி அனுப்பாது. எனவே, உயிரோடு இருக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று கீழே ஒரு கணினிக்கோ இணையச் சேவைக்கோ அது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். குறிப்பிட்ட நேரம் அந்தச் சொல் வராவிட்டால் கீழே இருப்பது உங்களை எழுப்பும். அந்தச் செய்தியிலேயே யூபிஎஸ் பேட்டரியில் ஓடுகிறதா, ரெய்டில் இரண்டு டிஸ்க்கும் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்து அனுப்பினால் ஒரே வேலையில் முடியும்.

மேலே போகும் முன் சோதனை

இவ்வளவும் அமைத்த பின், கணினியை மலைக்கு ஏற்றுவதற்கு முன் வீட்டிலேயே சோதியுங்கள். கோப்புகளின் நகல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, விசைப்பலகையையும் மானிட்டரையும் கழற்றிவிடுங்கள். யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, பேட்டரி தீரும்வரை விட்டு, ஒரு மணி நேரம் கழித்து மாட்டிப் பாருங்கள். எழுந்து பதிவைத் தொடங்கியதா? இரண்டாவது முறை, கணினி மூடத் தொடங்கியதும் உடனே பிளக்கை மாட்டுங்கள். நான் சொன்ன பொறி அங்கேதான் பிடிபடும். மூன்றாவது, கணினியை அணைத்து முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எழுப்புங்கள். பிறகு அதை மாட்டி, இரண்டும் ஒத்துப்போகும்வரை காத்திருந்து, இரண்டாவதைக் கழற்றிப் பாருங்கள். நான்காவது, யூபிஎஸ்ஸைத் தாண்டிக் கணினியின் மின் கேபிளையே ஓடும்போது பிடுங்குங்கள். புதுக் கணினியில் இதைச் செய்ய மனம் பதறும், ஆனால் மழை அதைக் கட்டாயம் செய்யப்போகிறது.

ஸ்டோரில் வைக்கும்போது ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை, பெட்டியைத் திறந்ததும் தெரியும்படி பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். அதே அளவில் ஒரு மாற்று டிஸ்க்கையும் ஈரம் புகாத டப்பாவில் அங்கேயே வைத்துவிடுங்கள். சாலை அடைபட்ட நாளில் ஸ்டோரில் இருக்கும் சூபர்வைசரிடம் தொலைபேசியில், இந்த எண் உள்ளதைக் கழற்றுங்கள், டப்பாவில் உள்ளதை மாட்டுங்கள் என்று சொல்ல முடியும். எண் ஒட்டாவிட்டால், கெட்டதை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட வாய்ப்பு சரிபாதி. இடி மழையின் வேகம் குறைந்து சாரல் தொடங்குவதற்குள், மே மாதக் கடைசியில், யூபிஎஸ் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, தேதியை அதே லேபிளில் எழுதிவையுங்கள்.